ஸ்காலரில் 214, ஸ்கோபஸில் 58: விண்ணப்பத்தில் எதை எழுதுவது?

முப்பதுடிகிரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் செல் உயிரியல். ஈஸ்ட் வாக்குவோலில்தான் (செல்லுக்குள்ள இருக்கிற பை) பிஎச்.டி., இப்போ போஸ்ட்டாக் நாலாவது வருஷம். உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடுறேன். எந்த ஊர், எந்த நிறுவனம்னு கேட்காதீங்க.

படிவத்தில் மூணு கட்டம் இருக்கு. மொத்த சைட்டேஷன் (மத்தவங்க பேப்பரில் நம்ம பேப்பரைக் காட்டின தடவை), ஹெச்-இண்டெக்ஸ், "இம்பாக்ட் ஃபாக்டர் கூட்டுத்தொகை". எதோட கூட்டுத்தொகைன்னு ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது.

மொத்தம் ஏழு பேப்பர் போட்டிருக்கேன். கூகுள் ஸ்காலரில் 214 சைட்டேஷன், ஹெச் 6. ஸ்கோபஸில் போய்ப் பார்த்தா 58, ஹெச் 4. ஒரே ஆள், ஒரே ஏழு பேப்பர், எப்படி இப்படி?

அடுத்த விஷயம்தான் மனசை அரிக்குது. 214-ல் 126 ஒரே பேப்பருக்கு வந்தது. அதில் நான் அஞ்சாவது பெயர். வாக்குவோல் படங்களை எண்ணுறதுக்கு ஒரு செய்முறை, அவ்வளவுதான். அதுக்காக நான் வேலை செஞ்சது ஆறு வாரம். முதல் பெயரா இருந்து மூணு வருஷம் ராத்திரி பகலா உழைச்ச பேப்பருக்கு 14. அந்தப் பதினாலிலும் ஒன்பது எங்க லேபே எங்களைக் காட்டினது. போன வாரம் ஒரு சீனியர் எனக்கு மாதிரி நேர்காணல் வச்சார். பட்டியலைப் பார்த்துட்டு "பதினாலுதானா?"ன்னு கேட்டுட்டுப் பக்கத்தைத் திருப்பிட்டார்.

இதுக்கு நடுவில் ஒரு வாட்ஸப் குரூப்பில் சேரச் சொல்லி அழைப்பு வந்திருக்கு. "நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுறேன்" வகை. சேரலாமா? எல்லாரும் செய்றாங்கன்னு சொல்றாங்க.

---

வெள்ளைக்கோட்டு:

ஸ்காலர் நம்பரைப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. எது பெருசோ அது. கமிட்டியில் யாரும் உட்கார்ந்து சரிபார்க்கப் போறதில்லை. குரூப்பிலும் சேருங்க, நல்லவங்களா இருந்து என்ன கண்டோம்?

---

அட்டவணைக்காரர்:

வெள்ளைக்கோட்டுக்கு ஒரு வார்த்தை: சரிபார்ப்பார்கள். பல இடங்களில் அந்த வேலை நூலகத்துக்குத்தான் வரும். இருபத்திரண்டு வருடம் அதைச் செய்தவன் சொல்கிறேன்.

முப்பதுடிகிரி, உங்கள் எண்கள் ஏன் மாறுகின்றன என்று முதலில் பார்ப்போம். கூகுள் ஸ்காலர் வலையில் கிடைப்பதையெல்லாம் அள்ளும். பிஎச்.டி. ஆய்வேடு, முன்பதிப்பு, கருத்தரங்கச் சுருக்கம், சில நேரம் ஒரே கட்டுரை இரண்டு முறை. ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களையும் நூல்களையும் மட்டும் எண்ணும். வெப் ஆஃப் சயின்ஸ் இன்னும் கறார். ஸ்காலர் எண் கூடுதலாக இருப்பது வழக்கம்தான். ஆனால் 214-க்கும் 58-க்கும் இடையில் இவ்வளவு பள்ளம் இருக்கக் கூடாது. எனக்கு ஒரு சந்தேகம்: ஸ்கோபஸில் உங்கள் பெயரில் எத்தனை கட்டுரை தெரிகிறது? ஏழா?

இல்லை என்று பந்தயம் கட்டுவேன். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் கிடையாது. ஒரு கட்டுரையில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். வெளிநாட்டுக்குப் போனதும் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடி அப்பா பெயர் முழுதாக வந்து ஒட்டிக்கொள்ளும். அப்பா பெயரைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டு இயந்திரம் இன்னொரு ஆளைப் பிறப்பித்துவிடும். அப்பாவுக்கு செல் உயிரியலில் மூன்று கட்டுரை இருக்கிறது என்று ஒரு மாணவியிடம் நான் சொல்லியே இருக்கிறேன். அந்த அப்பா ரேஷன் கடை நடத்துபவர்.

செய்ய வேண்டியது: உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் போட்டுத் தேடுங்கள். ஆசிரியர் பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி ஸ்கோபஸுக்கே விண்ணப்பிக்கலாம், காசு கிடையாது. ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இல்லையென்றால் இன்றே வாங்கி, ஏழு கட்டுரையையும் அதில் ஏற்றுங்கள். படிவத்தில் எண்ணை மட்டும் எழுதாமல் "ஸ்கோபஸ், இன்ன தேதி" என்று பக்கத்தில் குறியுங்கள்.

ஹெச்-இண்டெக்ஸ் பற்றி. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்தது. உங்களுக்கு 6 என்றால், குறைந்தது ஆறு தரமாவது காட்டப்பட்ட கட்டுரைகள் ஆறு உள்ளன என்று பொருள். துறைக்குத் துறை இது எவ்வளவு மாறும் என்பது அவருடைய அந்த முதல் கட்டுரையிலேயே இருக்கிறது. இயற்பியலில் எட்வர்ட் விட்டனுக்கு 110, உயிரியலில் சாலமன் ஸ்னைடருக்கு 191. அதை வைத்து ஸ்னைடர் விட்டனைவிட ஒன்றே முக்கால் மடங்கு பெரிய விஞ்ஞானி என்று யாரும் சொல்லவில்லை. ஒரே கமிட்டியில் கணிதமும் செல் உயிரியலும் சேர்ந்து உட்காரும்போது மட்டும் இது எல்லோருக்கும் மறந்துபோகிறது.

இம்பாக்ட் ஃபாக்டர் கூட்டுத்தொகை என்பது நீங்கள் குடியிருந்த தெருக்களின் சராசரி வாடகையைக் கூட்டி உங்கள் சம்பளம் என்று சொல்வது. இதழில் வரும் கட்டுரைகளுக்குக் கிடைக்கும் சைட்டேஷனின் சராசரி அது, உங்கள் கட்டுரைக்கானது அல்ல. படிவம் கேட்கிறது, வேறு வழியில்லை, கூட்டி எழுதுங்கள். எந்த ஆண்டின் மதிப்பு என்று மறக்காமல் போடுங்கள்.

குரூப் வேண்டாம். 2013-ல் பிரேசிலின் நான்கு மருத்துவ இதழ்கள் ஒன்றையொன்று அளவுக்கு மீறிக் காட்டியது எண்களிலேயே தெரிந்துபோய், இம்பாக்ட் ஃபாக்டர் பட்டியலிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டன. இதழ்களே மாட்டும்போது தனி ஆள் எம்மாத்திரம்.

---

புளித்தமாவு:

ஈஸ்ட் பொண்ணா நீ! (பையனா இருந்தா மன்னிச்சுக்கப்பா.) முப்பதுடிகிரி, ஈஸ்ட் வளர்க்கிற சூடாச்சே! பெயரைப் பார்த்ததுமே இன்குபேட்டர் கதவைத் திறந்த வாசனை வந்துடுச்சு. நான் ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆச்சு. முப்பத்தொரு வருஷம் ஈஸ்ட்டோட குப்பை கொட்டினவள்.

நூலகர் எண்ணைச் சரிபண்ணச் சொல்லிட்டார், அதைச் செய். நான் அந்தப் பதினாலைப் பத்திப் பேசறேன்.

நீ வாக்குவோல் ஆள்ங்கிறதால ஓசுமி கதை தெரிஞ்சிருக்கும். ஆனா அதை ஒரு பயோடேட்டாவா எப்பவாவது படிச்சுப் பார்த்திருக்கியா? யோஷினோரி ஓசுமி, 1945-ல் பிறந்தவர். டோக்கியோவில் பிஎச்.டி., அப்புறம் ராக்ஃபெல்லரில் எடல்மன் லேபில் போஸ்ட்டாக். அங்கே எலிக் கருவுறுதலில் ஆரம்பிச்சு ஈஸ்ட்டுக்கு மாறினார். திரும்பி வந்து அன்ராகு லேபில் வாக்குவோல் சவ்வு. எது எதுக்குள்ள போகுது, எப்படிப் போகுதுன்னு பார்க்கிற வேலை. அப்போ வாக்குவோலை செல்லோட குப்பைத்தொட்டின்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. தனி லேப் கிடைச்சது 1988-ல். வயசு 43. இன்னைக்கு உன் படிவத்தை அவர் நிரப்பினா, வயசுக் கட்டத்தைப் பார்த்தே தள்ளி வச்சிருப்பாங்க.

அந்த வருஷம் அவர் செஞ்சதைச் செய்ய ஒரு சாதா ஃபேஸ் கான்ட்ராஸ்ட் மைக்ராஸ்கோப் போதும். வாக்குவோலுக்குள்ள புரோட்டீனை உடைக்கிற என்சைம் இல்லாத ஈஸ்ட்டை எடுத்தார். நைட்ரஜன் இல்லாத ஊடகத்தில் பட்டினி போட்டார். சில மணி நேரம்தான். வாக்குவோலுக்குள்ள பொடிப் பொடியா உருண்டைகள் நிரம்பித் துள்ள ஆரம்பிச்சது. உடைக்க ஆள் இல்லாததால உள்ளே வந்தது அப்படியே குவிஞ்சிருச்சு. நானே இதைப் பின்னால செஞ்சு பார்த்திருக்கேன். கண்ணை ஐபீஸிலிருந்து எடுக்க மனசு வராது, புட்டுப் பானைக்குள்ள கொதி வந்த மாதிரி இருக்கும். செல் தன் பாகங்களையே தின்னு செரிக்கிறதுக்கு டி டுவ்ங்கிற விஞ்ஞானி 1963-ல் ஆட்டோஃபேஜின்னு பெயர் வச்சாரே, அந்தச் சங்கதியை ஈஸ்ட்டில் கண்ணால பார்த்தாச்சு.

இப்போ தேதியைக் கவனி. பார்த்தது 1988. அது பேப்பரா வந்தது 1992, ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியில். நாலு வருஷம்! இன்னைக்கு எந்த கைடு விடுவார்?

அடுத்த வருஷம் 1993-ல் மிகி சுகதாவும் அவரும், ரெண்டே பேர், ஃபெப்ஸ் லெட்டர்ஸில் ஒரு சின்னப் பேப்பர் போட்டாங்க. ஆட்டோஃபேஜி செய்ய முடியாத ஈஸ்ட் பிறழ்விகளைப் பிடிச்சு, பதினஞ்சு ஜீன்னு பிரிச்சுக் காட்டினது. ஆட்டோஃபேஜி இல்லாத செல் பட்டினியில் சீக்கிரம் செத்துப்போகும்ங்கிறதை வச்சே வடிகட்டினாங்க. ஃப்ளாக்ஸின் சாயம் கலந்த தட்டில் செத்த செல் ரோஸ் கலரா நிக்குமே, அந்த வேலை. பெரிய இதழ் கிடையாது, ஆடம்பரப் படம் கிடையாது. இந்தத் துறையோட அஸ்திவாரமே அந்தப் பேப்பர்தான்.

ஆனா இம்பாக்ட் ஃபாக்டர் எப்படிக் கணக்குப் போடுதுன்னு நினைச்சுப் பாரு. ஒரு வருஷத்தில் வர்ற சைட்டேஷனில், அதுக்கு முந்தின ரெண்டு வருஷப் பேப்பருக்கு வந்ததை மட்டும்தான் எண்ணும். அப்போ 1993 பேப்பரை 1994-லும் 1995-லும் காட்டினாதான் ஃபெப்ஸ் லெட்டர்ஸுக்கு லாபம். அந்த ரெண்டு வருஷத்தில் ஈஸ்ட் ஆட்டோஃபேஜி பார்த்த லேப் உலகத்திலேயே ஒரு கைப்பிடிதான். கூட்டம் வந்தது 1998-ல் மிசுஷிமா, ஓசுமி கோஷ்டியோட நேச்சர் பேப்பருக்கும், 2000-ல் பாலூட்டி செல்லில் எல்சி3 (ஆட்டோஃபேஜியை அடையாளம் காட்டுற புரோட்டீன்) வந்ததுக்கும் பிறகு. அப்புறம் அந்த 1993 பேப்பரை எத்தனை பேர் காட்டினாலும் இதழோட கணக்கில் ஒரு பைசா ஏறாது. ஜன்னலை எப்பவோ சாத்தியாச்சு.

அந்த எல்சி3 பேப்பரைச் சொன்னேனே, கபேயா முதல் பெயர், 2000, எம்போ ஜர்னல். ஆட்டோஃபேஜியில் யாரைக் கேட்டாலும் அதைக் காட்டாம எழுத முடியாது. ஒன்பது ஆசிரியர்கள். ஓசுமி எட்டாவது. கடைசிப் பெயர் யோஷிமோரி. நம்ம ஊர் யுஜிசியோட 2018 விதிப்படி பார்த்தா ரெண்டுக்கு மேல ஆள் இருந்தா முதல் ஆசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் எழுபது சதவீதம், மத்தவங்களுக்கு முப்பது. ஓசுமிக்கு அதில் முப்பது போட்டிருப்பாங்க! (சிரிக்காதே, நான் அந்தக் கமிட்டியில் உட்கார்ந்து இப்படித்தான் பெருக்கியிருக்கேன். கால்குலேட்டரோட.)

இன்னொரு கூத்து. ஓசுமி தன் ஜீன்களுக்கு ஏபிஜின்னு பெயர் வச்சார். ஜெர்மனியில் தும் கோஷ்டி ஏயூடின்னு வச்சாங்க. அமெரிக்காவில் க்ளியான்ஸ்கி சிவிடின்னு வச்சார். பல ஜீன் மூணு பெயரில் உலாத்தினது. 2003-ல்தான் எல்லாரும் உட்கார்ந்து ஏடிஜின்னு ஒரே பெயருக்கு வந்தாங்க. இன்னைக்கு ஒரு மாணவன் ஏடிஜின்னு போட்டுத் தேடினா 1993 பேப்பரோட தலைப்பிலும் சுருக்கத்திலும் அந்த எழுத்தே இருக்காது. உனக்கு அப்பா பெயர் பண்ற வேலையை அவர் ஜீனுக்கு அந்தப் பெயர் பண்ணுது.

2016-ல் நோபல், தனி ஆளா. அதுக்கப்புறம் எண்ணைப் பார்த்து எல்லாரும் ஆகா ஓகோ. 1994-ல் அவர் பயோடேட்டாவை வச்சுக்கிட்டு யாராவது "இவ்வளவுதானா?"ன்னு பக்கத்தைத் திருப்பியிருந்தா, அந்த ஆள் எண்ணைச் சரியாத்தான் படிச்சிருப்பார். படிக்க வேண்டியது எண்ணை இல்லைங்கிறதுதான் கோளாறு.

இனி உன் 126. அதுக்கு ஏன் வெட்கப்படறே? லோரி 1951-ல் புரோட்டீன் அளக்க எழுதின செய்முறை, 2014-ல் நேச்சர் இதழ் கணக்கெடுத்தப்போ மூணு லட்சத்தைத் தாண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகம் காட்டப்பட்ட பேப்பர் அதுதான். ரெண்டாவது லேம்லி, 1970. புரோட்டீனைப் பிரிக்க நீயும் நானும் வாரத்துக்கு ரெண்டு ஜெல் ஓட்டறோமே, அந்த லேம்லி. அந்தப் பேப்பர் பேசறது டி4 வைரஸோட தலை எப்படிச் சேருதுன்னு. ஜெல் செய்முறை ஒரு படக்குறிப்பில் பொடி எழுத்தில் கிடக்கு. காட்டினவங்களில் எத்தனை பேர் அந்த வைரஸ் பகுதியைப் படிச்சிருப்பாங்க? நான் படிச்சதில்லை, ஒத்துக்கறேன்.

செய்முறைன்னா எண் ஏறும். துடைப்பம் எல்லார் வீட்டிலும் இருக்கும், வீணை ரெண்டு வீட்டில் இருக்கும். ஆட்டோஃபேஜியிலேயே பாரு, ஆய்வு வழிகாட்டின்னு சில வருஷத்துக்கு ஒரு பேப்பர் போடறாங்க. 2016 பதிப்பு 222 பக்கம், ரெண்டாயிரத்துக்கும் மேல ஆசிரியர்கள். அத்தனை பேர் பயோடேட்டாவிலும் அந்த ஆயிரக்கணக்கான சைட்டேஷன் முழுசா ஏறிடும், பங்கு பிரிக்கிறதில்லை. பயனுள்ள வேலைதான், நான் குறை சொல்லலை. ஆனா பட்டியலில் பெரிய எண்ணைப் பார்த்தா முதலில் ஆசிரியர் வரிசையை எண்ணிப் பார்ப்பேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கரண்ட் கன்டென்ட்ஸ்னு வாராவாரம் ஒரு குட்டிப் புத்தகம் வரும், இதழ்களோட உள்ளடக்கப் பக்கம் மட்டும் அச்சடிச்சு. அதைப் பார்த்து ரீப்ரின்ட் கேட்டு அஞ்சலட்டை போடுவோம். என் 1997 பேப்பருக்கு அப்படி முப்பத்தெட்டு அட்டை வந்தது, இன்னும் ஷூ டப்பாவில் வச்சிருக்கேன். சைட்டேஷன் பதினொண்ணு. அந்தப் பதினொண்ணையும் ஒரு நாள் உட்கார்ந்து படிச்சேன். அஞ்சு பேர் முன்னுரையில் ஒரு வாக்கியத்தில் பத்தோட பதினொண்ணா அடைப்புக்குள்ள போட்டுட்டுப் போயிட்டாங்க. மூணு பேர் என் ஈஸ்ட் ஸ்ட்ரெயினை (ரகத்தை) வாங்கி வேலை செஞ்சிருக்காங்க. ரெண்டு பேர் நான் சொன்னது தப்புங்கறாங்க. ஒருத்தர் என் பேப்பரைப் படிக்கவே இல்லை, நான் சொன்னதுக்கு நேர் எதிரா எழுதி என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார். எண்ணில் எல்லாம் ஒண்ணுதான்.

உன் பதினாலில் வெளியிலிருந்து வந்த அஞ்சை எடு. ஒவ்வொண்ணிலும் உன் பேப்பர் எந்த வரியில் வருதுன்னு பாரு. அதை நேர்காணலில் சொல்லு. குரூப்புக்கெல்லாம் போகாதே. சம்பந்தமில்லாத மேற்கோளை நான் ரெஃபரியா இருந்தப்போ மூணாவது பக்கத்திலேயே மோப்பம் பிடிச்சிருக்கேன்.

---

வெள்ளைக்கோட்டு:

பாட்டி சொல்றது கேட்க நல்லா இருக்கு. ஆனா ஓசுமி மாதிரி காத்திருக்க எங்களுக்கு யார் சம்பளம் கொடுப்பா? அவருக்கு அப்போ நிரந்தர வேலை இருந்தது. எனக்குக் கான்ட்ராக்ட் மார்ச்சில் முடியுது.

---

புளித்தமாவு:

சரியான அடி. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. இணைப் பேராசிரியர் நாற்காலி இருந்ததாலதான் அந்த நாலு வருஷம் அவருக்குக் கிடைச்சது. பாட்டின்னதை மட்டும் வாபஸ் வாங்கிக்கோ.

---

முப்பதுடிகிரி:

புளித்தமாவு மேடம், ரெண்டு தடவை படிச்சேன். (பொண்ணுதான்.) படிவத்தில் அந்த மூணாவது கட்டத்தைக் காலியா விட்டா என்ன? எங்க கைடு டோரா அறிக்கை பத்தி அடிக்கடி சொல்வார், அதைக் காரணம் காட்டலாமா?

---

அட்டவணைக்காரர்:

டோராவுக்கு வித்திட்டவர்கள் உங்கள் துறைக்காரர்கள்தான். 2012 டிசம்பரில் அமெரிக்க செல் உயிரியல் சங்கத்தின் மாநாடு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தபோது அங்கே கூடிப் பேசி எழுதினார்கள், 2013 மே மாதம் வெளியானது. இதழின் இம்பாக்ட் ஃபாக்டரை வைத்து ஆளை எடைபோடாதே என்பதுதான் அதன் முதல் பேச்சு. ஆனால் காலிக் கட்டம் "முழுமையற்ற விண்ணப்பம்" என்று எழுத்தரிடமே நின்றுவிடும், கமிட்டி வரை போகாது. நிரப்புங்கள். உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் முகப்புக் கடிதத்தில் இரண்டு கட்டுரையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். டோரா பிரசங்கம் அதில் வேண்டாம்.

---

முப்பதுடிகிரி:

பதினோரு நாள் கழிச்சு வர்றேன்.

அட்டவணைக்காரர் சார் பந்தயத்தில் ஜெயிச்சுட்டார். ஸ்கோபஸில் என் பக்கத்தில் நாலு பேப்பர்தான் இருந்தது. மீதி மூணு, அந்த 126 பேப்பர் உள்பட, அப்பா பெயரில் தனியா கிடந்தது. ஒண்ணாக்கச் சொல்லி எழுதினேன், ஆயிடுச்சு. இப்போ 168, ஹெச் 5. தேதி போட்டு எழுதிட்டேன். அப்பாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "என் பெயரில் இருந்ததை ஏன் மாத்தினே?"ன்னு கேட்டார்.

வெளி சைட்டேஷன் அஞ்சையும் படிச்சேன். ரெண்டு, மேடம் சொன்ன அடைப்புக்குள்ள போடுற ரகம். ஒண்ணு தாவர லேப், என் பட்டினி நேரக் கணக்கை அப்படியே எடுத்து அராபிடாப்ஸிஸில் செஞ்சிருக்காங்க. அது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொண்ணு என் நாலாவது படத்தை எடுத்து மறுபடி அளந்திருக்காங்க, ஒத்துப்போகுது. அஞ்சாவது "இதற்கு மாறாக"ன்னு ஆரம்பிக்குது. அவங்க பட்டினி போட்ட செல்லில் வாக்குவோல் உடையுது, எனக்கு ஒண்ணு சேர்ந்தது. ராத்திரி ரெண்டு மணி வரை தூக்கம் வரலை.

குரூப்பில் சேரலை. நேர்காணல் 19-ஆம் தேதி.

---

புளித்தமாவு:

அப்பாவுக்கு என் வணக்கம். அந்த அஞ்சாவது பேப்பர் எந்த இதழ், எந்த வருஷம்னு இங்கே போடு. அவங்க எந்த ஸ்ட்ரெயின் எடுத்தாங்க, கார்பனைக் குறைச்சாங்களா நைட்ரஜனைக் குறைச்சாங்களான்னு முதலில் பார்க்கணும்.